தபசில் வாங்கிய கிற்றார்

சேசு மரி சூசை துணை

தாண்டவன்வெளி,
மட்டக்களப்பு.
பெரிய வியாழன், 1967

பதுளையில் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் என் தம்பி ஜெயராஜாவுக்கு அக்கா செசீலியா ஆசீர்வாதத்தோடு எழுதிக்கொள்வது.

நீயும் உன் பெண்சாதி மார்கிறட்டும் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். இங்கே நாங்கள் சுகம் என்று எழுதினால் பொய்யாகும், பெரிய வியாழனும் அதுவுமாகப் பொய் எழுதக் கூடாது. சுகமில்லை என்று எழுதினால் ஆண்டவர்மேல் முறைப்பாடு எழுதியது போலாகும், அதுவும் கூடாது. ஆகையால் அந்த வரியை வெறுமையாக விடுகிறேன், நீயே நிரப்பிக்கொள். இந்தக் கடிதம் தபாலில் வராது, நாளைக்குத் தபால் கந்தோர் பூட்டு. காத்தான்குடி மர்சூக்கின் லொறி சனிக்கிழமை பதுளைக்கு வருகிறது, அவர் கையில் கொடுத்துவிடுவேன். மர்சூக் யார் என்பது கீழே வரும்.

விபூதிப் புதனன்று உன் அத்தான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சுக்கு அலைந்துகொண்டிருந்தது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அன்றைக்கு நெற்றியில் சாம்பலோடு வீட்டுக்கு வந்து திருஇருதயப் படத்துக்கு முன்னால் முழந்தாளிட்டு நான் ஒரு நேர்த்தி வைத்தேன். "ஆண்டவரே, இந்த மனிசனை உயிர்த்த ஞாயிறு வரைக்கும் எனக்கு விட்டுத் தாரும். அதுவரைக்கும் இந்த வீட்டில் பாட்டு இல்லை, றேடியோ இல்லை, எந்த வாத்தியத்தின் சத்தமும் கேட்காது" என்று சொன்னேன். பத்து வருஷம் கேட்கவில்லை. முதலிலேயே அதிகம் கேட்டால் எந்த யாவாரியும் முகத்தைத் திருப்புவான். உயிர்த்த ஞாயிறு வரை கிடைத்தால் அதன் பிறகு வைகாசி மாதா திருநாள் வரை கேட்கலாம், அப்படியே கொஞ்சம் கொஞ்சமாகப் போகலாம் என்பது என் எண்ணம். வீட்டுச் செலவை இத்தனை காலமும் அப்படித்தான் கொண்டு போனேன்.

நேர்த்தி வைத்த அந்தக் கிழமையிலேயே அவருக்கு மூச்சிரைப்பு சற்று இறங்கியது. ஆண்டவர் என் விலைக்குச் சம்மதித்துவிட்டார் என்று நினைத்தேன். அப்போதுதான் டொக்டர் என்னை வெளியே கூப்பிட்டு, "வீட்டுக்குக் கொண்டு போங்க அம்மா. இனி அவர் விரும்பினதக் குடுங்க" என்றார். அந்த வசனத்துக்கு அர்த்தம் தெரியாதவர்கள் நம் ஊரில் இல்லை. தபசு காலம், இறைச்சி ஆகாது, ஆனால் வாவி நண்டு ஆகும், தயிர் ஆகும், குரக்கன் பிட்டு ஆகும் என்று மனதுக்குள் எல்லாவற்றையும் அடுக்கிக்கொண்டு வந்து அவரைக் கட்டிலில் கிடத்திவிட்டு, "என்ன வேணும், சொல்லுங்க" என்று கேட்டேன். அவர் கூரையைப் பார்த்தார்.

"ஒரு கிற்றார்."

"சாப்பிடுறதுக்குக் கேட்டன்."

"சாப்பாட்ட நீ சாப்பிடு புள்ள. எனக்குக் கிற்றார்."

அவருடைய பழைய கிற்றார் போன கதை நீ அறிவாய், நீயே அதில்தான் படித்தாய். ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளத்தில் அது எங்கள் வேலிக்கு மேலால் வள்ளம்போல மிதந்து போனது. கழுத்தளவு தண்ணீரில் நின்று அவர் அதற்குக் கை காட்டி வழியனுப்பினார். அன்றிலிருந்து கிற்றார் என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை. இப்போது, நான் வாத்தியச் சத்தத்தை ஆண்டவரிடம் அடகு வைத்திருக்கும் நேரம் பார்த்து வருகிறது! நேர்த்தியை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் "எனக்காக நீ ஏன் வாயைக் கட்டுறாய்" என்று சண்டைக்கு வருவார், சண்டைக்கு மூச்சு வேண்டும். பக்கத்து வளவுப் பறங்கிப் பெண்மணி பீற்றிஸ் அக்காவிடம் மட்டும் சொன்னேன். ஒருவரிடமும் சொல்லாமல் இருந்தால் என் நெஞ்சு வெடித்திருக்கும். பிறகு யோசித்து ஒரு வழி கண்டேன். வாசிப்பதுதானே சத்தம், வாங்குவது சத்தமில்லையே. இப்போது வாங்குவோம், உயிர்த்த ஞாயிறன்று வாசிக்கட்டும்.

அதற்குத்தான் கிற்றார் பார்த்து வாங்குவது எப்படி என்று உனக்கு எழுதினேன். நீயும் நல்ல பிள்ளையாக நான்கு பக்கம் எழுதி அனுப்பினாய். தம்பி, குறை சொல்லவில்லை, ஆனால் அதில் முக்கால்வாசி "தட்டிக் கேள்", "இந்தக் கோட்டில் விரலை வைத்துத் தட்டிக் கேள்", "கம்பி இரைகிறதா என்று கேள்" என்றுதான் இருந்தது. எனக்கு ஆகாதது அது ஒன்றுதான்.

இறக்குமதி நின்றதிலிருந்து கடைகளில் புதுக் கிற்றார் இல்லை. தச்சுவேலை செய்யும் வல்லிபுரம் ஓடாவியார் தானே செய்கிறார் என்று சொன்னார்கள், போனேன். பட்டறைக்குள் கால் வைத்த பிறகுதான் நினைவு வந்தது, அவருடைய முதல் தொழில் சவப்பெட்டி. சுவரோரம் நாலைந்து பெட்டிகள் நிமிர்ந்து நிற்கின்றன, அவற்றுக்கு நடுவே இரண்டு கிற்றார் தொங்குகின்றன. மரமும் ஒன்று, மேலே பூசிய பொலிஷும் ஒன்று. நான் குரலை அடக்கி, "ஒண்டு வேணும்" என்றேன்.

"ஆருக்கு தங்கச்சி?"

"வீட்டுக்காரருக்கு."

அவர் தலை குனிந்துகொண்டார். "எப்பைக்கு வேணும்?"

"உயிர்த்த ஞாயிறுக்கு."

காதில் சொருகியிருந்த பென்சிலை எடுத்தார். "உயரம் என்ன?"

"கிற்றாருக்கு உயரம் என்னத்துக்கு?" என்றேன். மனிதருக்கு முகம் கறுத்துப் போனது. இரண்டு தரம் மன்னிப்புக் கேட்டு ஒரு கிற்றாரை இறக்கி, வேட்டித் தலைப்பால் துடைத்து என் மடியில் வைத்தார். மேல்வேலை நல்ல வேலை, பொய் சொல்லக் கூடாது, கண்ணாடிபோல மினுங்கியது. ஆனால் தூக்கினால் உரல் கனம். வட்ட ஓட்டைக்குள் பார்த்தால் பசை சர்க்கரைக் கட்டிபோல உறைந்து கிடந்தது. மூக்கை வைத்தேன், பச்சைப் பலகை மணம். காயாத பலகையில் அரிசிப் பெட்டி செய்தால் அடுத்த கோடையில் வாய் பிளக்கும் என்பது எனக்குத் தெரியும், கிற்றார் மட்டும் பிளக்காதா? அதைச் சொன்னேன். அவர், "ரெண்டும் ஒரே பலகைதான் தங்கச்சி. பெட்டி எடுத்தவங்க ஒருத்தரும் இதுவரைக்கும் குறை சொல்லல்ல" என்றார். கிற்றாரை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

பிறகுதான் மர்சூக். தோட்டங்களை விட்டுச் சீமைக்குப் போகிற துரைமார் விற்றுப் போடும் தட்டுமுட்டுகளைப் பதுளைப் பக்கமிருந்து லொறியில் ஏற்றி வந்து விற்கிறவர். குளிக்கும் தொட்டிக்குள் கிடத்தி வைத்திருந்தார் அந்தக் கிற்றாரை. துரையின் பெண்சாதி வாசித்ததாம்.

"தட்டிப் பாருங்க அக்கா."

"தட்டமாட்டன். எங்களுக்குத் தபசு."

"நோன்பா? எங்களுக்கும் நோன்பு இரிக்கி. ஆனா எங்களுக்கு வாய்க்குத்தான். உங்களுக்குக் காதுக்குமா?"

"காதுக்கும்தான்."

"அப்ப நான் தட்டுறன், நீங்க காதப் பொத்திக்கங்க."

"காதப் பொத்தினா எப்பிடிக் கேக்கிறது?"

"அதத்தான் அக்கா நானும் கேக்கன்" என்றார் மர்சூக், அழுவதுபோல.

நான் என் வழியில் சோதித்தேன். கழுத்தை ஒற்றைக் கண்ணால், கூரைமரம் கோணலா என்று பார்ப்பதுபோலப் பார்த்தேன், நேர்தான். கழுத்தின் குறுக்கே பதித்த பித்தளைக் கோடுகளில் நகத்தை ஓட்டினேன், ஓரிடத்தில் மட்டும் தேய்வு. கம்பி முறுக்கும் ஆணிகளில் ஒன்றுக்குத் தலை இல்லை, நூல்கட்டையை வெட்டி மாட்டியிருந்தார்கள். உள்ளே ரோர்ச் அடித்துப் பார்த்ததில் ஒரு செத்த கரப்பானும் ஒரு கொண்டை ஊசியும் இருந்தன. கம்பிகள் ஆறும் துரு. முதுகிலே ஒரு பிளவு, ஒட்டுப் போட்டது. பிறகு முதுகை விரல் முட்டியால் தட்டினேன். மரத்தில் தட்டலாமா என்று எனக்கும் ஒரு பயம் வரத்தான் செய்தது. ஆனால் பெரிய வியாழன் குளோரியாவுக்குப் பிறகு மணி அடிக்காமல் கோயிலிலேயே மரத்தட்டுத்தானே அடிக்கிறோம், அப்படியானால் மரத்துக்குத் தடையில்லை. தயிர்ச் சட்டி வாங்கும்போது தட்டுவதுபோல விளிம்பிலிருந்து நடுவுக்குத் தட்டிக்கொண்டே வந்தேன். ஒட்டுப் போட்ட இடத்தில் மட்டும் சத்தம் ஊமை. சட்டியாக இருந்தால் திரும்பிப் பார்த்திருக்க மாட்டேன்.

"ஒட்டின இடம் இனி உடையாது அக்கா" என்றார் மர்சூக். "உங்களுக்குச் சந்தேகமெண்டா ஒண்டு செய்யுங்க. உங்கட பெருநாள் முடிய நல்லாத் தட்டிப் பாருங்க. சத்தம் புடிக்கல்லயா, கொண்டு வாங்க, சல்லியத் திருப்பித் தாறன்." அந்த வார்த்தையை நம்பித்தான் வாங்கினேன். விலையை எழுத மாட்டேன், எழுதினால் நீ பாதியை அனுப்பித் தொலைப்பாய்.

கொண்டு வந்து அவர் நெஞ்சில் வைத்ததும் அந்தப் பாரத்துக்கே அவருக்கு முகம் வெளிறிவிட்டது. ஆனால் கீழே வைக்க விடவில்லை. நான் செய்தபடியே கழுத்தை ஒற்றைக் கண்ணால் பார்த்தார், ஓட்டைக்குள் மூக்கை வைத்தார், முதுகைத் தட்டினார்.

"இது கிற்றாரா புள்ள, கிளிக்கூடா?"

"பார்த்துத்தான் வாங்கின."

"தட்டிக் கேட்டயா?"

"இல்ல."

"மீன் வாங்கப் போனா செவுளப் பிரிச்சுப் பாக்காம வாங்குவயா?"

"மீனுக்குத் தபசு இல்ல."

சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க வெகு நேரம் சென்றது. பிறகு, "எப்ப வாசிக்க விடுவாய்?" என்று கேட்டார். உயிர்த்த ஞாயிறு என்றேன். அவர் என்னை நேரே பார்த்தார். "ஞாயித்துக்கிழமை நான் இரிப்பனெண்டு உனக்கு ஆரு சொன்ன?" என்றார். எனக்கு அடுக்களையில் வெங்காயம் அரிய வேண்டியிருந்தது, போய்விட்டேன்.

பழைய சேலையைக் கிழித்து, காயத்துக்குக் கட்டுவதுபோலக் கம்பிகளைச் சுற்றிக் கட்டி, கிற்றாரை அவர் பக்கத்திலேயே கிடத்தினேன். கட்டிலில் அவரும் கிற்றாரும், கீழே பாயில் நான். ஒரு நாள் மத்தியானம் தேங்காய் துருவிக்கொண்டிருக்கிறேன், உள்ளே "டொய்ங்" என்று ஒரு சத்தம். துருவலைப் போட்டுவிட்டு ஓடினேன். அவர் கைகளை நெஞ்சில் கோத்து, கண்ணை மூடி, அப்போஸ்தலர்போலக் கிடக்கிறார். "பல்லி" என்றார் கண்ணைத் திறக்காமல்.

எனக்குப் பொறுக்கவில்லை. கோயிலுக்கு வந்த புதுச் சுவாமியிடம் போய் நேர்த்தியையும் பல்லியையும் சொன்னேன். சின்ன வயது, நல்ல படிப்பு. "பல்லிக்கு நேர்த்தி இல்லை அம்மா" என்றார். அதோடு விட்டிருக்கலாம். "நோயாளி வீட்டில் வாசித்தால் பாவமில்லை. வேண்டுமானால் உங்கள் நேர்த்தியை ஐந்து செபமாலையாக மாற்றித் தருகிறேன், எனக்கு அந்த அதிகாரம் இருக்கிறது" என்றார். நான் மாட்டேன் என்று வந்துவிட்டேன். தம்பி, என்னைப் பிடிவாதக்காரி என்று நினைக்காதே. ஆண்டவர் தன் பக்கத்தைப் பிசகாமல் செய்கிறார், மனிதர் மூச்சோடு இருக்கிறார். நான் என் பக்கத்தை மாற்றினால் ஆண்டவரும் மாற்றலாம் அல்லவா? ஐந்து செபமாலைக்கு அவர் எத்தனை நாள் தருவார் என்று சுவாமியால் சொல்ல முடியுமா?

வெள்ளிதோறும் நான் சிலுவைப்பாதைக்குப் போகும்போது பீற்றிஸ் அக்கா வந்து அவருக்குக் காவல் இருக்கிறா. அவவுக்கு முழங்கால் வாதம், பதினாலு தலத்துக்கும் முழந்தாளிட ஏலாது. நல்ல மனம் படைத்தவ, கம்பிகளின் துருவைக்கூடத் துடைத்து வைத்திருக்கிறா. "நீங்களா துடைச்ச?" என்று கேட்டால், "ஓம் கா, நான்தான்" என்று சுவரைப் பார்த்துச் சொல்லுகிறா, அவ்வளவு கூச்சம். அவருடைய நோய்தான் புது விதமாகப் போகிறது. இடது கை விரல் நுனிகளில் கோடு கோடாகப் பள்ளம் விழுகிறது. அப்போதிக்கரிக்குக் காட்டினேன். அவருக்கும் விளங்கவில்லை, ஒரு பூச்சு மருந்து தந்தார், சனிக்கிழமை தோறும் பூசி வருகிறேன். எனக்கும் வயது போகிறது. சேலைத் துண்டை நான் இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டுவேன், துவைக்க அவிழ்க்கும்போது மூன்று இருக்கிறது. எப்போது போட்டேன் என்று நினைவில்லை.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். கிற்றார் நல்லதல்ல. வாவிக்காற்றுக்கு அந்த ஒட்டு இன்னும் கறுத்து வருகிறது, நூல்கட்டை ஆணி ஆடுகிறது. ஞாயிறு ஒரு நாள் அவர் ஆசைக்கு வாசிக்கட்டும், திங்கட்கிழமை மர்சூக்கிடம் திருப்பிக் கொடுப்பதாக முடிவு செய்துவிட்டேன். நீ ஞாயிறு பூசைக்கு வந்து சேர். மர்சூக் சனி இரவே திரும்புகிறார், லொறியில் முன்னுக்கு இடம் தருவார். வரும்போது அங்கே கடையில் கிற்றார்க் கம்பி ஒரு கட்டு வாங்கி வா, அந்த ஒரு நாளைக்காவது நல்ல கம்பியில் வாசிக்கட்டும். அவர் வாசித்து முடிந்ததும் நான் வைகாசிக்கு நேர்த்தி வைக்க வேண்டும், அதற்கு என்ன கொடுப்பது என்று நீயும் யோசித்து வை.

மார்கிறட்டுக்கு என் அன்பு. குளிரில் அவவைக் கிணற்றடிக்கு விடாதே. மரித்த நம் தாய் தகப்பனின் ஆசீர்வாதமும் அர்ச்சியசிட்டவர்களின் காவலும் உங்கள் கூரைமேல் இருப்பதாக. இப்படிக்கு, உன் வரவுக்கு அரிசி ஊறவைக்கக் காத்திருக்கும்,

அக்கா செசீலியா.

பி.கு.: சனிக்கிழமை காலை. மேலே எழுதியதை வெட்டவில்லை, தாள் வீணாகும். ஆனால் அதில் ஒன்றையும் நம்பாதே.

நேற்றுப் பெரிய வெள்ளிச் சடங்கில், சிலுவை முத்தி செய்ய வரிசையில் நிற்கும்போது, வெறும் வயிறு, தலை சுற்றியது. முடியுமுன் வீட்டுக்கு வந்துவிட்டேன். வாசல் படலையில் கை வைத்தேன். உள்ளே கிற்றார். பல்லி அல்ல, கபிரிஞ்ஞா. எங்கள் கலியாண வீட்டில் பறங்கித் தெருப் பொடியன்களோடு சேர்ந்து அவர் வாசித்த அதே ஆட்டப் பாட்டு. ஒரு அடி வாசிக்கிறார், நிறுத்தி மூச்செடுக்கிறார், மற்ற அடி வாசிக்கிறார். ஆடுகிறவர்கள் யாரும் இருந்திருந்தால் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றிருப்பார்கள். பீற்றிஸ் அக்கா "மெல்ல, மெல்ல" என்று சொல்வதும் கேட்டது. நான் படலையிலேயே நின்றேன். உள்ளே போய்த் தடுத்திருக்க வேண்டும். அவருடைய உயிர் அதில்தான் இருக்கிறது என்று நினைத்தவள் நான். காதைப் பொத்தாமல் கேட்டேன் தம்பி. தேய்ந்த கோட்டில் தடித்த கம்பி கொஞ்சம் இரைகிறது. மெல்லிய கம்பிகள் சுத்தம். ஒட்டுப் போட்ட இடத்திலிருந்து ஒரு கறகறப்பும் இல்லை.

முடிந்த பிறகு வாளியைக் கிணற்றுக்குள் சத்தமாகப் போட்டு, "பீற்றிஸ் அக்கா, வந்திட்டன்" என்று கூப்பிட்டு, முடிச்சுப் போட அவர்களுக்கு நேரம் கிடைக்கும்படி ஆறுதலாகக் கால் கழுவினேன். உள்ளே போனால் அப்போஸ்தலர் கை கோத்துக் கிடக்கிறார்.

"இஞ்ச என்ன சத்தம்?" என்று கேட்டேன்.

"பல்லி."

"பெரிய பல்லியாக்கும்."

"வயசு போன பல்லி, புள்ள" என்றார். அவ்வளவுதான் பேசினோம்.

இன்று காலை நான் கஞ்சி வடித்துக் கொண்டுபோகுமுன் அவர் போய்விட்டார். புதன்கிழமையே சுவாமி வந்து கடைசி எண்ணெயான அவஸ்தை பூசியிருந்தார், அதில் குறையில்லை. மணி அடிக்கக் கூடாத நாள், அதனால் கோயிற்பிள்ளை மரத்தட்டை அடித்துக்கொண்டு தெருத்தெருவாகச் சொல்லிப் போனான். பீற்றிஸ் அக்கா என் மடியில் விழுந்து எல்லாவற்றையும் சொன்னா. வெள்ளிதோறும் வாசித்திருக்கிறார். என் நேர்த்தியும் அவருக்குத் தெரியும், அவதான் சொல்லியிருக்கிறா. "அவளுக்குத் தெரியாட்டி அவளிட நேத்தி முறியாது" என்று சொல்லித்தான் ஒவ்வொரு முறையும் அவிழ்த்தாராம்.

அடக்கம் நாளைப் பின்னேரம். இன்றே எடுக்கலாம், ஆனால் மணி இராது, நாளைக்கு எடுத்தால் மணி உண்டு என்றார் சுவாமி. மணி இல்லாமல் அவரை அனுப்ப எனக்கு மனமில்லை. பெட்டிக்கு வல்லிபுரம் ஓடாவியார் தானே வந்தார், கேட்கக் கூசிக்கொண்டு வாசலில் நின்றார். இந்த முறை நானே உயரம் சொன்னேன். பலகை இன்னும் பச்சைதான். தட்டிப் பார்க்கவில்லை.

மர்சூக்கும் வந்திருக்கிறார், இந்தக் கடிதத்துக்காகத்தான் வெளியே நிற்கிறார். "அக்கா, அதத் தாங்க, உங்கட சல்லி கையில இரிக்கி" என்றார். தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நான் ஞாயிறு வரை கேட்டேன், ஆண்டவர் சனி வரை தந்தார். ஒரு நாள் குறைவு. அதற்கு முறைப்பாடு இல்லை, எங்கள் பக்கத்திலும் குறைவு இருந்தது.

கம்பி வாங்க வேண்டாம். இருக்கிற கம்பியில் துரு இல்லை. கிற்றார் நல்லது.

நீ இந்த லொறியிலேயே ஏறி வா. நாளைக்கு மணி அடித்த பிறகு நேர்த்தி முடிந்துவிடும், அவரைத் தூக்குமுன் நீ வாசிக்க வேண்டும். கபிரிஞ்ஞாதான். ஆர் என்ன சொன்னாலும் சொல்லட்டும். இடையில் மூச்சு வாங்காமல் வாசி.